ஓட்டையைத் தேடியவர்: ஆலன் டூரிங்

பிள்ளைகளே, ஒரு கேள்வியோடு தொடங்கலாமா?

உங்கள் வீட்டு லேப்டாப் எப்போதாவது அப்படியே நின்று போயிருக்கிறதா? திரையில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் காத்திருப்பீர்கள். அது ஒரு நிமிடத்தில் சரியாகிவிடுமா, இல்லை, நாளைக்குக் காலை வரைக்கும் இப்படியே சுற்றுமா? அம்மாவைக் கேட்டால் அம்மாவுக்கும் தெரியாது. நான் கம்ப்யூட்டர் வேலைதான் செய்கிறேன். என்னைக் கேட்டாலும் பல நேரம் எனக்கும் தெரியாது!

இந்தக் கேள்வியை 1936-ஆம் ஆண்டிலேயே ஒருவர் யோசித்துவிட்டார். அப்போது உலகத்தில் இன்றைய மாதிரிக் கம்ப்யூட்டர் ஒன்றுகூட இல்லை. அவருக்கு வயது 24 கூட நிரம்பவில்லை. அவர் பெயர் ஆலன் டூரிங். வாங்க, அவருடைய கதையைப் படிக்கலாம்.

அப்பா அம்மா அங்கே, பிள்ளைகள் இங்கே

டூரிங் ஆங்கிலேயர். ஆனால் அவர் குடும்பத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவருடைய அம்மா பிறந்த ஊர் எது தெரியுமா? கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் போத்தனூர்! அம்மாவின் அப்பா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமை என்ஜினியராக இருந்தவர். டூரிங்கின் அப்பாவும் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாக வேலை பார்த்தார்.

டூரிங் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார். அப்பாவுக்கு இந்தியாவில் வேலை இருந்தது. பிள்ளைகள் இங்கிலாந்திலேயே வளரட்டும் என்று பெற்றோர் முடிவு செய்தார்கள். அதனால் டூரிங்கும் அவருடைய அண்ணனும் கடற்கரை ஊர் ஒன்றில், வேறு ஒரு குடும்பத்தின் வீட்டில் வளர்ந்தார்கள். அம்மா வருவார், சில மாதம் இருப்பார், மறுபடியும் கப்பல் ஏறிப் போய்விடுவார்.

உங்களில் பலருக்குத் தாத்தா பாட்டி ஊரில் இருக்கிறார்கள். நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். விமான நிலையத்தில் கையசைத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சின்னப் பையன் டூரிங்குக்கும் அது தெரியும்.

சைக்கிளில் பள்ளிக்கூடம்

டூரிங்குக்கு 13 வயது. ஷெர்போர்ன் என்ற ஊரில் ஒரு புதிய பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். 1926-ஆம் ஆண்டு மே மாதம் அவர் பிரான்சிலிருந்து கப்பலில் வந்து சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கினார். அந்த நேரம் பார்த்து நாடு முழுவதும் வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? டூரிங் தன் சைக்கிளை எடுத்தார். வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கினார். சுமார் 100 கிலோமீட்டர் தூரம் தனியாக மிதித்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்!

பள்ளியில் அவர் நல்ல பிள்ளை என்று எல்லா ஆசிரியரும் சொல்லவில்லை. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். சட்டையில் மைக்கறை இருக்கும். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால், யாரும் சொல்லிக்கொடுக்காததையும் தானே கண்டுபிடிப்பார்.

அங்கே அவருக்கு ஓர் உயிர் நண்பன் கிடைத்தான். அவன் பெயர் கிறிஸ்டோபர். இரண்டு பேரும் நட்சத்திரம், வேதியியல், கணக்கு என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். 1930-ஆம் ஆண்டு கிறிஸ்டோபர் காசநோயால் இறந்துபோனான். டூரிங்குக்கு அப்போது வயது 17. அந்தத் துக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை. நண்பன் செய்ய நினைத்த வேலையைத் தான் செய்து முடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படித்தார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

காகிதத்தில் ஒரு இயந்திரம்

அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஒரு மனிதர். ஆமாம், நிஜமாகத்தான்! பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறவரைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

அப்படி ஒருவர் கணக்குப் போடும்போது உண்மையில் என்ன செய்கிறார் என்று டூரிங் கூர்ந்து யோசித்தார். ஒரு எண்ணைப் பார்க்கிறார். ஒரு விதியை நினைக்கிறார். ஒன்றை எழுதுகிறார் அல்லது அழிக்கிறார். பிறகு பக்கத்துக் கட்டத்துக்குப் போகிறார். அவ்வளவுதான். எவ்வளவு பெரிய கணக்காக இருந்தாலும் இந்தச் சின்னச் சின்னப் படிகள்தான்.

அப்படியானால் ஓர் இயந்திரம் இதைச் செய்ய முடியாதா? டூரிங் மனதிலேயே ஒரு இயந்திரத்தைக் கட்டினார். கட்டங்கள் போட்ட நீளமான காகித நாடா. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கும் ஒரு தலை. என்ன பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் விதிகளின் பட்டியல். முடிந்தது இயந்திரம்.

அடுத்ததாக அவர் சொன்னதுதான் பெரிய விஷயம். விதிகளின் பட்டியலையும் அந்த நாடாவிலேயே எழுதிவிடலாம். அப்போது கணக்குக்கு ஒரு இயந்திரம், சதுரங்கத்துக்கு ஒரு இயந்திரம் என்று தனித்தனியாகச் செய்ய வேண்டாம். ஒரே இயந்திரம், கொடுக்கும் விதிகளைப் படித்து, எல்லா வேலையும் செய்யும்.

உங்கள் போனைப் பாருங்கள். அதே போன்தான் படம் எடுக்கிறது, பாட்டுப் பாடுகிறது, பாட்டியோடு பேச வைக்கிறது. விதிகள் மாறுகின்றன, இயந்திரம் மாறவில்லை. இந்த விதிகளின் பட்டியலைத்தான் இன்று நிரல் என்கிறோம். நீங்கள் புரோகிராம் என்று சொல்வீர்கள். நிரல் என்பது சமையல் குறிப்பு மாதிரி. அந்தக் குறிப்பைப் பார்த்து அடுப்பில் சமையல் நடக்கிறது அல்லவா? அதுபோல, கம்ப்யூட்டருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குப் புராசஸ் என்று பெயர். உங்கள் லேப்டாப்பில் இந்த நிமிடம் நூற்றுக்கணக்கான புராசஸ்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

நிற்குமா, நிற்காதா?

இப்போது அந்தச் சுற்றும் வட்டத்துக்கு வருவோம்.

எந்த நிரலைக் கொடுத்தாலும், அது ஒருநாள் நிற்குமா, அல்லது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு நிரலை எழுத முடியுமா? முடியாது என்று டூரிங்கின் ஆராய்ச்சி காட்டியது. கஷ்டம் என்று இல்லை. யாராலும் எப்போதும் முடியவே முடியாது! எப்படி? இன்றைய முறையில் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

உங்கள் நண்பன் அப்படி ஒரு நிரலை எழுதிவிட்டதாகச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதன் பெயர் ஜோசியர். நீங்கள் ஒரு குறும்புக்கார நிரலை எழுதுகிறீர்கள். அதற்குப் பெயர் குறும்பன். குறும்பன் தன்னைப் பற்றியே ஜோசியரிடம் கேட்பான்: நான் நிற்பேனா, மாட்டேனா? நிற்பாய் என்று ஜோசியர் சொன்னால், குறும்பன் நிற்காமல் ஓடுவான். நிற்க மாட்டாய் என்று சொன்னால், உடனே நின்றுவிடுவான்.

ஜோசியர் எதைச் சொன்னாலும் தப்பு! அதனால் எல்லாம் தெரிந்த ஜோசியர் என்று ஒருவர் இருக்கவே முடியாது.

இது வெறும் விளையாட்டு இல்லை. இதே காரணத்தால்தான், எந்த நிரல் கெட்டது செய்யும், எது செய்யாது என்று எல்லா நிரல்களையும் பார்த்துத் தப்பே இல்லாமல் சொல்லும் நிரல் ஒன்றையும் யாராலும் எழுத முடியாது. வைரஸைப் பிடிக்கும் நிரல்கள் நிறையப் பிடிக்கும். ஆனால் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. மனிதர்கள் உட்கார்ந்து ஓட்டைகளைத் தேடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஓட்டையை எப்படித் தேடுவது என்பதையும் டூரிங்கிடமே கற்றுக்கொள்ளலாம். அதற்கு நாம் ஒரு போருக்குள் போக வேண்டும்.

திறக்க முடியாத பூட்டு

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. ஜெர்மனியை ஹிட்லர் ஆண்ட காலம் அது. பிரிட்டன் ஒரு தீவு. உணவும் எண்ணெயும் கப்பலில்தான் வர வேண்டும். அந்தக் கப்பல்களை ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் மறைந்திருந்து மூழ்கடித்தன. கப்பலில் இருந்தவர்கள் கடலில் இறந்தார்கள். கப்பல் வராவிட்டால் நாட்டில் சாப்பாடு இருக்காது.

நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு ரேடியோவில் செய்தி வரும். அந்தச் செய்தி யார் காதிலும் விழும். ஆனால் யாருக்கும் புரியாது. ஏனென்றால் அது மறைமொழியில் இருக்கும். அந்த மறைமொழியை எழுதிய இயந்திரத்தின் பெயர் எனிக்மா. பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். ஓர் எழுத்தை அழுத்தினால் உள்ளே சக்கரங்கள் சுற்றும். கம்பிகள் வழியாக மின்சாரம் ஓடும். வேறோர் எழுத்தின் விளக்கு எரியும். அதே எழுத்தை மறுபடி அழுத்தினால் இன்னொரு விளக்கு எரியும்.

சக்கரங்களையும் கம்பிகளையும் எத்தனை விதமாக வைக்கலாம் தெரியுமா? 159 என்று எழுதி அதன் பின்னால் 18 பூஜ்யம் போடுங்கள். ஏறக்குறைய அத்தனை விதம்! விநாடிக்கு ஒன்று என்று சோதித்தால் 5 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். அதுவும் அந்த அமைப்பை நாள்தோறும் மாற்றுவார்கள். இந்தப் பூட்டை யாராலும் திறக்க முடியாது என்று ஜெர்மானியர் நம்பினார்கள்.

ஆனால் போலந்து நாட்டில் மரியன் ரெயெவ்ஸ்கி என்ற கணித அறிஞரும் அவருடைய இரண்டு நண்பர்களும் 1932-லிருந்தே எனிக்மாவைப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். போர் வரப்போகிறது என்று தெரிந்ததும், தங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்த அந்த அறிவோடுதான் டூரிங் தன் வேலையைத் தொடங்கினார். அவர் வேலை செய்த இடம் பிளெட்ச்லி பார்க். அங்கே நடப்பதை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது.

இரண்டு ஓட்டைகள்

டூரிங் எல்லா விதங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க நினைக்கவில்லை. பூட்டில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்தார்.

முதல் ஓட்டை இயந்திரத்தில் இருந்தது. எனிக்மாவில் ஓர் எழுத்து ஒருபோதும் அதே எழுத்தாக வராது. அதைச் செய்தவர்களுக்கு அது நல்ல விஷயமாகப் பட்டிருக்கலாம். ஆனால் அதுவே பெரிய துப்பு.

இரண்டாவது ஓட்டை மனிதர்களிடம் இருந்தது. ஜெர்மானிய ராணுவத்தினர் தினமும் வானிலைச் செய்தி அனுப்பினார்கள். அதில் வானிலை என்ற சொல் கட்டாயம் இருக்கும். சில பேர் சோம்பலில், விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளையே ரகசிய எழுத்துகளாக வைத்தார்கள். இன்றைக்கும் சிலர் 123456 என்று பாஸ்வேர்ட் வைக்கிறார்கள் அல்லவா? அதே கதைதான்!

இரண்டு ஓட்டைகளையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ் எழுத்தில் ஒரு எனிக்மா இருப்பதாக நினைத்துக்கொள்வோம். நமக்கு இந்த மறைசெய்தி கிடைக்கிறது:

ப – லை – ம – கா – த – லை – னி – டு

இதற்குள் எங்கோ காலைவானிலை என்ற சொல் ஒளிந்திருக்கிறது. அதில் ஐந்து எழுத்துகள்: கா, லை, வா, னி, லை. எந்த எழுத்தின் கீழ் அது தொடங்கும்?

முதல் எழுத்திலிருந்து எழுதிப் பாருங்கள். இரண்டாவது இடத்தில் லை-க்குக் கீழே லை வருகிறது. அது நடக்காது! இரண்டாவது எழுத்திலிருந்து எழுதினால், ஆறாவது இடத்தில் மறுபடியும் லை-க்குக் கீழே லை. அதுவும் நடக்காது. நான்காவது எழுத்திலிருந்து எழுதினால், கா-க்குக் கீழே கா. சரிவராது. மூன்றாவது எழுத்திலிருந்து எழுதினால் எந்த இடத்திலும் மோதல் இல்லை. அப்போ, சொல் அங்கேதான் இருக்கிறது! பாருங்கள், இப்போது நீங்களும் பிளெட்ச்லி பார்க்கில் வேலை செய்துவிட்டீர்கள்.

சொல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதாது. அன்றைய சக்கரங்கள் எப்படி இருந்தன என்றும் தெரிய வேண்டும். அதற்கு டூரிங் பாம் என்ற பெரிய இயந்திரத்தை வடிவமைத்தார். அது அலமாரியைவிடப் பெரியது. சக்கரங்கள் இப்படி இருந்திருந்தால் என்ன ஆகும் என்று அது ஒவ்வொரு படியாகத் தொடர்ந்து போகும். எங்காவது முரண்பாடு வந்தால் அந்த வழியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கும். முரண்பாடு வராத இடத்தில் நின்றுவிடும். பிறகு மனிதர்கள் அதைச் சரிபார்ப்பார்கள். முதல் இயந்திரம் 1940-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வந்தது. கோர்டன் வெல்ச்மன் என்ற அறிஞர் சொன்ன ஒரு யோசனையால் அடுத்து வந்தவை இன்னும் வேகமாக ஓடின. போர் முடிவதற்குள் சுமார் 200 இயந்திரங்கள் செய்தார்கள். அவற்றை இரவும் பகலும் ஓட்டியவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

கடற்படையின் எனிக்மா மற்றவற்றைவிடக் கடினம். அதை யாராலும் முடியாது என்று பலர் விட்டிருந்தார்கள். டூரிங் அதைத்தான் எடுத்துக்கொண்டார். ஜெர்மானியக் கப்பல்களிலிருந்து பிடித்த ரகசியப் புத்தகங்களும் உதவின. 1941-ல் அவருடைய குழு அந்தச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கத் தொடங்கியது. நீர்மூழ்கிக் கப்பல்கள் எங்கே காத்திருக்கின்றன என்று தெரிந்ததும், பிரிட்டனின் கப்பல்கள் வேறு வழியாகப் போயின. எத்தனையோ மாலுமிகள் உயிரோடு கரை சேர்ந்தார்கள். தங்களைக் காப்பாற்றியது யார் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

சைக்கிள் செயின்

அந்த நாட்களில் டூரிங்கிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. அதன் செயின் அடிக்கடி கழன்று விழும். நாமாக இருந்தால் கடையில் கொடுத்திருப்போம். டூரிங் என்ன செய்தாராம் தெரியுமா? பெடலை எத்தனை முறை மிதித்தால் செயின் விழுகிறது என்று எண்ணினாராம். எப்போதும் ஒரே எண்ணிக்கையில்தான் விழுந்ததாம். அதனால் எண்ணிக்கொண்டே மிதிப்பார்; விழப்போகும் நேரத்துக்குச் சரியாக இறங்கி, செயினைச் சரி செய்துவிட்டு ஏறிப் போவாராம்!

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் நான் ஆபீஸில் செய்வதும் இதுதான். ஒரு நிரல் கெட்டுப்போனால் முதலில் கேட்பது: எத்தனையாவது படியில் கெட்டது? ஒவ்வொரு முறையும் அதே படியிலா? அதே படி என்றால் பாதி வேலை முடிந்தது.

நிஜமான கம்ப்யூட்டர்

போர் முடிந்தது. காகிதத்தில் கட்டிய இயந்திரத்தை நிஜமாகவே கட்டும் காலம் வந்தது. 1945-ல் டூரிங் ஒரு கம்ப்யூட்டருக்கு முழு வடிவமைப்பு எழுதத் தொடங்கினார். 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேறு பொறியாளர்கள் ஒரு கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டினார்கள். நிரலையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைத்திருந்த கம்ப்யூட்டர் அது. அதே ஆண்டு டூரிங்கும் அங்கே வேலைக்குப் போனார்.

ஒரே நினைவகம் என்று சொன்னேன் அல்லவா? அது பெரிய வசதி. ஆனால் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. பின்னாளில் உலகம் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டது.

வரிசையாக இருக்கும் கட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்துக் கட்டங்கள் உங்கள் பெயரை எழுத. அடுத்த கட்டங்களில் கம்ப்யூட்டர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஒருவன் பதினைந்து எழுத்துள்ள பெயரைக் கொடுக்கிறான். பத்துக்கு மேல் வந்தால் நிறுத்து என்ற விதியை நிரலாளர் எழுத மறந்துவிட்டார். மிச்சம் ஐந்து எழுத்துகள் வழிந்து பக்கத்துக் கட்டங்களில் விழுகின்றன. அங்கே இருந்த கட்டளை அழிகிறது! அந்த ஐந்து எழுத்துகளையே திருடன் தன் கட்டளையாக வைத்திருந்தால்? கம்ப்யூட்டர் அதையும் கீழ்ப்படிந்து செய்யும். இது யார் எழுதியது என்று அதற்குத் தெரியாது. விதி என்று இருந்தால் செய்யும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் பாதுகாப்பு ஓட்டை என்று பெயர். உங்கள் போன் அடிக்கடி அப்டேட் கேட்கிறதே, ஏன்? யாரோ ஒருவர் இப்படி ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்திருக்கிறார். அதனால் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

நிரலில் தப்பு இல்லை என்று எப்படி உறுதி செய்வது? 1949-ல் டூரிங் இதைப் பற்றிக் கேம்பிரிட்ஜில் பேசினார். நீளமான கூட்டல் கணக்கில் விடையை மட்டும் எழுதினால், சரிபார்ப்பவர் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் மீதியாக எடுத்துப் போகும் எண்ணையும் எழுதி வைத்தால், ஆளுக்கு ஒரு வரிசையாகப் பிரித்துச் சரிபார்க்கலாம். நிரலையும் அப்படி எழுதுங்கள். இந்தப் படியில் இது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆங்காங்கே எழுதி வையுங்கள் என்பது அவர் கருத்து. நல்ல நிரலாளர்கள் இன்றும் அதைச் செய்கிறார்கள். கணக்கு டீச்சர் வழிமுறையைக் காட்டு என்று ஏன் சொல்கிறார் என்று இப்போது புரிகிறதா?

ஒரு கெட்ட சட்டம்

இனி வருவது சோகமான பகுதி. ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

டூரிங் ஆண்களைக் காதலித்தவர். அன்றைய பிரிட்டனில் ஓர் ஆண் இன்னோர் ஆணைக் காதலித்து வாழ்வது குற்றம் என்று சட்டம் இருந்தது. 1952-ல் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. அவர் போலீஸிடம் போய்ப் புகார் கொடுத்தார். விசாரணையில் போலீஸ் அவருடைய காதலைப் பற்றிக் கேட்டது. டூரிங் பொய் சொல்லவில்லை. உதவி கேட்டுப் போனவரையே குற்றவாளி ஆக்கிவிட்டார்கள்!

சிறைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் உடலை மாற்றும் மருந்தை ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அவர் மருந்தை ஏற்றுக்கொண்டார். அரசின் ரகசிய வேலைகளைச் செய்ய இருந்த அனுமதியும் பறிபோனது. போரில் தான் செய்ததை அவர் ஊருக்குச் சொல்லவும் முடியாது, அது ரகசியம். 1954-ஆம் ஆண்டு ஜூன் 7 அன்று டூரிங் தன் வீட்டில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 41.

பிளெட்ச்லி பார்க்கின் கதை 1970-களில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தச் சட்டம் இங்கிலாந்தில் 1967-ல் மாறத் தொடங்கியிருந்தது. 2009-ல் பிரிட்டன் பிரதமர் டூரிங்கை நடத்திய விதத்துக்காக நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரசி அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். அதே சட்டத்தால் தண்டனை பெற்று இறந்துபோன ஆயிரக்கணக்கான மற்றவர்களுக்கும் 2017-ல் மன்னிப்பு வந்தது. 2021-ல் அவருடைய பிறந்தநாள் அன்று, அவர் படம் போட்ட 50 பவுண்ட் நோட்டு வெளிவந்தது. கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய விருது டூரிங் விருதுதான்.

ஆனால் இது எதையும் அவர் பார்க்கவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

பிள்ளைகளே, நிரலை எழுதுவது மனிதர்கள். அதனால் அதில் ஓட்டை இருக்கும். சட்டத்தை எழுதுவதும் மனிதர்கள்தான். அதிலும் ஓட்டை இருக்கும். கம்ப்யூட்டர் தனக்குக் கொடுத்த விதி நல்லதா கெட்டதா என்று கேட்காது. நாம் கேட்கலாம்.

நாளைக்கு உங்களில் ஒருவர் ஓர் ஓட்டையைக் கண்டுபிடிக்கலாம். வகுப்பில் ஒருவருடைய பாஸ்வேர்ட் உங்கள் கண்ணில் படலாம். அல்லது விளையாட்டு ஒன்றில், காசு கொடுக்காமல் உள்ளே போகும் வழி தெரியவரலாம். அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் முடியும். உரியவரிடம் போய்ச் சொல்லவும் முடியும். சொல்லுங்கள். அந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு மனிதர் இருக்கிறார்.

அடுத்த முறை திரையில் வட்டம் சுற்றினால் கோபப்படாதீர்கள். அது நிற்குமா, நிற்காதா என்று காகிதத்தோடு உட்கார்ந்து யோசித்த ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அம்மா போத்தனூரில் பிறந்தவர்.

சொற்பொருள்

நிரல் – கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய படிகளின் பட்டியல்
நிரலாளர் – நிரல் எழுதுபவர்
மறைமொழி – மற்றவருக்குப் புரியாதபடி மாற்றி எழுதிய செய்தி
துப்பு – உண்மையைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளம்
முரண்பாடு – ஒன்றுக்கொன்று ஒத்துவராத நிலை
நினைவகம் – கம்ப்யூட்டர் நிரலையும் எண்களையும் வைத்துக்கொள்ளும் இடம்
பொதுமன்னிப்பு – அரசு கொடுத்த தண்டனையை நீக்கி வழங்கும் மன்னிப்பு

பயிற்சி

1. டூரிங்கின் குடும்பத்துக்கும் மெட்ராஸ் மாகாணத்துக்கும் என்ன தொடர்பு? மூன்று வாக்கியங்களில் எழுதுக.
2. எனிக்மாவில் இருந்த இரண்டு ஓட்டைகள் எவை? எது இயந்திரத்தின் ஓட்டை, எது மனிதரின் ஓட்டை?
3. ஜோசியர், குறும்பன் கதையை உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தமிழில் சொல்லிப் புரிய வையுங்கள். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றை எழுதிக்கொண்டு வாருங்கள்.
4. இந்த மறைசெய்தியில் பூமாலை என்ற சொல் எந்த எழுத்தின் கீழ் தொடங்க முடியாது? ஒவ்வொரு இடமாகச் சோதித்துப் பாருங்கள்: ந – மா – பூ – கி – லை
5. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ மாற்ற வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் விதி ஒன்று உண்டா? ஏன்? வகுப்பில் பேசுக.